சென்னை சிட்டி காற்பந்துக் கழகம்

சென்னை சிட்டி காற்பந்துக் கழகம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு முன்னாள் தொழில்முறைக் காற்பந்துக் கழகம் ஆகும். இது 2016-17 முதல் 2020-21 வரை ஐந்து பருவங்கள் ஐ-லீக் போட்டிகளில் ஆடியது. 2018-19 பருவத்தில் வாகையர் பட்டத்தைக் கைப்பற்றி, ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் என்ற பெருமையைப் பெற்றது. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள் நிறையும் முன்பே, 2021 ஆம் ஆண்டில், கழக உரிமம் பெற இயலாமல் ஐ-லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. பெயரில் சென்னையைக் கொண்டிருந்தாலும் இக்கழகம் தன் பட்டத்தைக் கோயம்புத்தூரில்தான் வென்றது.

== பின்னணி ==

சென்னையில் காற்பந்து நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகிறது. சென்னைக் காற்பந்துச் சங்கம் நடத்தும் முதுநிலைப் பிரிவுக் கூட்டிணைவில் இந்தியன் வங்கி, இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, தென்னக இரயில்வே, சுங்கத்துறை, வருமான வரித்துறை போன்ற நிறுவனங்களின் அணிகளே பல காலம் முன்னணியில் இருந்தன. இவ்வணிகளில் இடம் பெறுவது ஆட்டக்காரருக்கு ஓர் அரசு வேலையையும் பெற்றுத் தந்தது. ஏழைக் குடும்பங்களின் இளைஞர்கள் காற்பந்தை நாடியதற்கு இது முக்கியக் காரணமாகும். வட சென்னையின் வியாசர்பாடி, காற்பந்தின் மீதுள்ள பற்றினால் 'குட்டி பிரேசில்' என்றே அழைக்கப்படுகிறது.

ஆயினும் தேசிய அளவில் தமிழ்நாட்டின் இடம் சிறியதாகவே இருந்தது. சந்தோஷ் கோப்பையில் தமிழ்நாடு அணி 2012 ஆம் ஆண்டு இறுதிப் போட்டி வரை சென்று, படைத்துறை அணியிடம் 3-2 என்ற கணக்கில் தோற்றது. 1996 இல் தொடங்கப்பட்ட தேசியக் காற்பந்துக் கூட்டிணைவில் இந்தியன் வங்கி அணி சில பருவங்கள் ஆடியது. 2000களின் முற்பகுதியில் அவ்வணி கீழிறங்கிய பின்னர், தேசியக் கூட்டிணைவின் முதல் நிலையில் தமிழ்நாட்டின் கழகம் எதுவும் இல்லை. திறமையுள்ளவர்கள் கொல்கத்தா, கொச்சி, கோவா என வெளி மாநிலங்களுக்குச் சென்று ஆடினர். சிவகங்கையைச் சேர்ந்த இராமன் விஜயன் 1997-98 பருவத்தில் தேசியக் கூட்டிணைவின் மிகுதியான கோல்களை அடித்தவர். அவர் அப்போது ஆடியது கொச்சியைச் சேர்ந்த ஒரு கழகத்திற்காக.

2007 இல் தேசியக் காற்பந்துக் கூட்டிணைவு ஐ-லீக் எனப் பெயர் மாறியது. 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தனியாகத் தொடங்கப்பட்டபோது சென்னைக்கு சென்னையின் எஃப்சி என்ற அணி கிடைத்தது. திரைப்பட நடிகர் அபிஷேக் பச்சன், துடுப்பாட்டக்காரர் மகேந்திரசிங் தோனி ஆகியோர் பங்குதாரர்களாக இருந்த அவ்வணி 2015 ஆம் ஆண்டிலும், 2017-18 பருவத்திலும் பட்டம் வென்றது. சென்னை சிட்டியும் சென்னையின் எஃப்சியும் ஒன்றல்ல. பெயர் ஒற்றுமையால் செய்திகளில் இவ்விரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்பட்டன.

== தோற்றமும் ஐ-லீக் நுழைவும் ==

1946 இல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்ட உள்ளூர்க் கழகமே பிற்காலத்தில் சென்னை சிட்டி என்ற பெயரைப் பெற்றது. ரோகித் ரமேஷ் இதன் உரிமையாளர்களுள் ஒருவராக இருந்தார்.

இக்கழகம் தேசியக் கூட்டிணைவை அடைந்தது படிப்படியாக ஏறி அன்று. 2016 ஆம் ஆண்டில் கோவாவின் சல்கோகர், ஸ்போர்ட்டிங் கிளப் டி கோவா, டெம்போ ஆகிய மூன்று கழகங்களும் ஐ-லீக்கிலிருந்து விலகிக்கொண்டன. இந்தியன் சூப்பர் லீக்கை நாட்டின் முதன்மைக் கூட்டிணைவாக்க முற்பட்டதை எதிர்த்தே அவை விலகின. ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்புவதற்காக அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு நேரடி நுழைவுக்கு விண்ணப்பங்களைக் கோரியது. 2016 டிசம்பரில் சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாப் ஆகிய இரு கழகங்களுக்கும் இடம் வழங்கப்பட்டது. பருவம் தொடங்க ஒரு மாதம் கூட இல்லாத நிலையில் அணி திரட்டப்பட்டது.

2016-17 பருவத்தில் ஆட்டங்கள் சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றன. இராபின் சார்லசு இராஜா பயிற்றுநராகத் தொடங்கினார். பின்னர் வி. சௌந்தரராஜன் அப்பொறுப்பை ஏற்றார். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேசு உள்ளிட்ட பல தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் இடம்பெற்றிருந்தனர். பத்துக் கழகங்களுள் சென்னை சிட்டி எட்டாம் இடத்தையும், உடன் நுழைந்த மினர்வா பஞ்சாப் ஒன்பதாம் இடத்தையும் பிடித்தன. அடுத்த இரு பருவங்களிலும் ஐ-லீக் பட்டத்தை வெல்லப் போவது இவ்விரு கழகங்களும்தான் என அன்று எவரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

== கோயம்புத்தூருக்கு இடமாற்றம் ==

2017-18 பருவம் முதல் ஐ-லீக்கும் இந்தியன் சூப்பர் லீக்கும் ஒரே காலத்தில் நடத்தப்பட்டன. சென்னை நேரு விளையாட்டரங்கம் சென்னையின் எஃப்சி அணியின் களமாக இருந்தது. சென்னை சிட்டி தன் களத்தைக் கோயம்புத்தூர் வ. உ. சி. பூங்காவை அடுத்துள்ள நேரு விளையாட்டரங்கத்திற்கு மாற்றிக்கொண்டது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறொரு நகரின் பெயரைத் தாங்கிய அணியை ஏற்றுக்கொள்ளுமாறு கோவை மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அவர்கள் ஏற்றுக்கொண்டனர் என்பதே இதில் வியப்பிற்குரியது. தொழிற்சாலை அணிகளும் கல்லூரி அணிகளும் நிறைந்த கோவை வட்டாரத்தில் காற்பந்து பார்க்கும் பழக்கம் முன்பே இருந்தது. தேசியக் கூட்டிணைவின் ஆட்டங்கள்தாம் இல்லாமல் இருந்தன.

அப்பருவத்தில் கழகம் மீண்டும் எட்டாம் இடத்தையே பெற்றது. கொல்கத்தாவில் மோகன் பகான் அணியை 2-1 என வென்றது அப்பருவத்தின் சிறந்த வெற்றியாகும். கன்னியாகுமரி மாவட்டக் கடலோரச் சிற்றூரான இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த நடுக்கள வீரர் மைக்கேல் சூசைராஜ் அணியின் தலைவராகப் பெயர் பெற்றது இப்பருவத்தில்தான். 2018 இல் அவர் ஜம்ஷெட்பூர் கழகத்திற்குச் சென்றார். அவருடைய உடன்பிறந்தவரான மைக்கேல் ரெஜின் சென்னை சிட்டி அணியில் ஆடினார்.

== 2018-19 பருவம் ==

இப்பருவத்திற்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாசு தலைமைப் பயிற்றுநராக அமர்த்தப்பட்டார். அவர் அதற்கு முன் சிங்கப்பூரின் தம்பினிஸ் ரோவர்சு, பிலிப்பீன்சின் குளோபல் ஆகிய கழகங்களைப் பயிற்றுவித்தவர். பந்தை நீண்ட தொலைவுக்கு உதைத்து அனுப்பும் முறையைக் கைவிட்டு, பின்களத்திலிருந்தே குறுகிய கைமாற்றங்களால் ஆட்டத்தை வளர்க்கும் முறையை அவர் கொண்டுவந்தார். இதற்கு ஏற்றவர்களாக எசுப்பானியாவின் கீழ்நிலைக் கூட்டிணைவுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வரவழைக்கப்பட்டனர். கோல்காப்பாளர் நவுசெத் சந்தானா, பின்கள வீரர் இராபர்ட்டோ எசுலாவா, நடுக்கள வீரர்கள் சாந்துரோ ரொட்ரிகேசு, நெசுத்தர் கோர்தியோ, முன்கள வீரர் பெத்ரோ மான்சி ஆகியோர் அவர்கள். மான்சி உருகுவையைச் சேர்ந்தவர். இவர்களுள் எவரும் ஐரோப்பாவில் பெரும்பெயர் பெற்றவர்கள் அல்லர்.

அதே அளவுக்கு முக்கியமானவர்கள் உள்நாட்டு வீரர்கள். எட்வின் சிட்னி வான்சுபால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், பிரவித்தோ இராஜு ஆகிய தமிழ்நாட்டினரும், மலப்புறத்தைச் சேர்ந்த மஷூர் ஷெரீப், அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா ஆகியோரும் பருவம் முழுவதும் அணியின் தூண்களாக இருந்தனர். இவர்களிற் பலர் அதற்கு முன் சென்னைக் கூட்டிணைவுக்கு அப்பால் அறியப்படாதவர்கள்.

2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூரில் பருவத்தின் தொடக்க ஆட்டம் நடைபெற்றது. இந்தியன் ஏரோசு அணியை 4-1 என வென்ற அவ்வாட்டத்தில் மான்சி மூன்று கோல்களை அடித்தார். நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கழகத்தை இரு சந்திப்புகளிலும் 2-1 என்ற கணக்கில் வென்றது பட்டத்திற்கான போட்டியைத் தீர்மானித்தது எனலாம். பருவ முடிவில் மான்சியின் கோல் எண்ணிக்கை 21. சர்ச்சில் பிரதர்சு அணியின் வில்லிசு பிளாசாவும் அதே எண்ணிக்கையை அடைந்தார்.

=== கடைசி நாள் ===

பதினொரு கழகங்கள் ஆடிய அப்பருவத்தில் ஒவ்வொரு கழகத்திற்கும் 20 ஆட்டங்கள். கடைசி ஆட்டம் எஞ்சியிருந்தபோது சென்னை சிட்டி 40 புள்ளிகளுடனும், ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளுடனும் இருந்தன. 2019 மார்ச் 9 அன்று இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டன. கோயம்புத்தூரில் சென்னை சிட்டியும் முந்தைய பருவத்தின் வாகையரான மினர்வா பஞ்சாபும் மோதின. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை எதிர்கொண்டது.

மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். இடைவேளை வரை சென்னை சிட்டியால் அதற்குப் பதில் கொடுக்க இயலவில்லை. 56 ஆம் நிமிடத்தில் கிடைத்த தண்ட உதையை மான்சி கோலாக்கினார். 69 ஆம் நிமிடத்தில் கௌரவ் போரா அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். பின்களத்திலும் நடுக்களத்திலும் ஆடுபவரான போரா, கூடுதல் நேரத்தில் மேலும் ஒரு கோல் அடித்து 3-1 என முடித்துவைத்தார். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் முதலில் பின்தங்கினாலும் பின்னர் இரு கோல்களை அடித்து 2-1 என வென்றது. ஆகவே சமநிலை கூடச் சென்னை சிட்டிக்குப் போதுமானதாக இருந்திராது. இறுதிப் புள்ளிகள் முறையே 43, 42. 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி என்பது சென்னை சிட்டியின் கணக்கு.

தென்னிந்தியாவிலிருந்து ஐ-லீக்கை அதற்கு முன் வென்றது பெங்களூரு எஃப்சி மட்டுமே (2013-14, 2015-16). மேலும் 2016-17 இல் மிசோரமின் ஐசால், 2017-18 இல் மினர்வா பஞ்சாப், 2018-19 இல் சென்னை சிட்டி எனத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிறிய கழகங்களே பட்டம் வென்றன. கொல்கத்தாவின் இரு பெருங்கழகங்களும் இம்மூன்று ஆண்டுகளிலும் பெரும் பொருட்செலவில் அணி திரட்டியும் வெல்ல இயலாமற் போனமை கருதத்தக்கது.

== சூப்பர் கோப்பை 2019 ==

இரு கூட்டிணைவுகளின் கழகங்களும் மோதும் சூப்பர் கோப்பைப் போட்டி புவனேசுவரத்தில் நடைபெற்றது. ஐ-லீக்கின் எதிர்காலம் குறித்துக் கூட்டமைப்பு தெளிவான விடை தரவில்லை என்று கூறி, அதன் கழகங்களிற் பெரும்பாலானவை இப்போட்டியைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி ஆடியது. காலிறுதியில் அவ்வாண்டின் இந்தியன் சூப்பர் லீக் வாகையரான பெங்களூரு எஃப்சியை 2-1 என வென்றது. எந்தக் கூட்டிணைவு உயர்ந்தது என்ற வாதம் சூடாக நடந்துகொண்டிருந்த காலத்தில், இரு வாகையரும் நேருக்கு நேர் மோதியதும், ஐ-லீக் வாகையர் வென்றதும் ஒரே ஓர் ஆட்டம்தான் எனினும் பொருள் பொதிந்தவை.

அரையிறுதியில் சென்னை சிட்டி கோவாவிடம் 3-0 எனத் தோற்றது. மற்றோர் அரையிறுதியில் வென்ற அணி சென்னையின் எஃப்சி. சென்னை சிட்டி வென்றிருந்தால் சென்னையின் இரு கழகங்களும் ஒரு தேசியக் கோப்பையின் இறுதிப் போட்டியில் மோதியிருக்கும். அத்தகைய வாய்ப்பு பிறகு வரவில்லை.

== பேசெல் கழகத்துடனான கூட்டு ==

2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பேசெல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. பேசெல் 2010 முதல் 2017 வரை தொடர்ச்சியாக எட்டுப் பருவங்கள் சுவிட்சர்லாந்து வாகையராக இருந்த கழகம். முகம்மது சாலா, கிரனித் சாக்கா போன்றோர் அங்கு ஆடியவர்களே. இளைஞர் பயிற்சி மையங்களை உருவாக்குவதும், ஆட்டக்காரர்களையும் பயிற்றுநர்களையும் பரிமாறிக்கொள்வதும் இக்கூட்டின் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டன.

பேசெல் நகரின் ஆதரவாளர்கள் இதனை விரும்பவில்லை. தங்கள் கழகம் பட்டங்களை இழந்துவரும் வேளையில் தலைவர் பெர்ன்கார்டு பர்கனர் தொலைதூர இந்தியாவில் பணம் முடக்குகிறார் என அரங்குகளில் எதிர்ப்பைத் தெரிவித்தனர். 2021 இல் பேசெல் கழகத்தின் உரிமை பர்கனரிடமிருந்து டேவிட் டெகனுக்கு மாறியது.

== ஆசியப் போட்டிகள் ==

ஐ-லீக் வாகையர் என்ற முறையில் 2020 ஆசிய வாகையர் கூட்டிணைவின் தகுதிச் சுற்றில் ஆடும் உரிமை சென்னை சிட்டிக்குக் கிடைத்தது. 2020 சனவரி 14 அன்று அகமதாபாத்தில் நடந்த ஆட்டத்தில் பகுரைனின் அல்-ரிபா கழகத்திடம் 1-0 எனத் தோற்றது. 'சொந்தக் கள' ஆட்டம் எனக் குறிக்கப்பட்ட இது தமிழ்நாட்டுக்கு வெளியே ஆடப்பட்டது.

தொடர்ந்து ஆசியக் கோப்பைக் கழகப் போட்டியின் குழுநிலையில், மார்ச் 11 அன்று, மாலத்தீவுகளின் மாசியா அணியுடன் 2-2 எனச் சமநிலை கண்டது. சில நாட்களில் கொரோனாப் பெருந்தொற்றால் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டுப் பின்னர் அப்போட்டியே கைவிடப்பட்டது. ஆசியக் கோப்பையில் சென்னை சிட்டியின் வரலாறு அந்த ஓர் ஆட்டம் மட்டுமே.

== வாகையருக்குப் பின் ==

பட்டம் வென்ற கழகம் மேல்நிலைக்கு உயர்வது உலகெங்கும் உள்ள வழக்கம். 2019 இல் இந்தியாவில் அவ்வாறு இல்லை. இந்தியன் சூப்பர் லீக் மூடிய அமைப்பாக இருந்தது. அதில் சேர ஆட்டத்திறனன்றிப் பெருந்தொகையே தேவைப்பட்டது. 2019 அக்டோபரில் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி, இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதல்நிலைக் கூட்டிணைவாகவும், ஐ-லீக் இரண்டாம் நிலையாகவும் ஆயின. ஐ-லீக் வாகையருக்கு மேல்நிலை உயர்வு 2022-23 பருவத்திலிருந்து மட்டுமே வழங்கப்படும் என முடிவு செய்யப்பட்டது. நாட்டின் முதன்மைப் பட்டங்களுள் ஒன்றை வென்ற சில மாதங்களில், இடம் மாறாமலேயே சென்னை சிட்டி இரண்டாம் நிலைக் கழகமாயிற்று.

அணியும் கலைந்தது. கோர்தியோ 2019 இல் ஐதராபாத்திற்குச் சென்றார். வான்சுபால் சென்னையின் எஃப்சியிலும், போரா ஒடிசாவிலும் சேர்ந்தனர். மான்சி 2020 சனவரியில், பருவத்தின் நடுவே, சப்பானின் அல்பிரெக்சு நீகாத்தா கழகத்திற்குப் பெயர்ந்தார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரண்டிலும் ஆடிய சப்பானிய நடுக்கள வீரர் கட்சுமி யூசா புதிதாக வந்தார். எனினும் பட்டத்தைத் தக்கவைக்கும் நிலை ஏற்படவில்லை. பெருந்தொற்றால் பருவம் இடையில் முடிக்கப்பட்டு மோகன் பகான் வாகையராக அறிவிக்கப்பட்டது.

2020-21 பருவம் 2021 சனவரி முதல் மார்ச்சு வரை கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் பார்வையாளர் இன்றி நடத்தப்பட்டது. சிங்கப்பூரின் சத்தியசாகரா பயிற்றுநராக இருந்தார். தொடக்க ஆட்டத்தில் சென்னை சிட்டி, பின்னர் அப்பருவத்தின் வாகையரான கோகுலம் கேரளாவையே 2-1 என வென்றது. ஆனால் முதற்சுற்றின் முடிவில் கடைசி ஐந்து அணிகளின் பிரிவிலேயே இடம்பெற்றது. கோயம்புத்தூர் மக்கள் தங்கள் அணியின் கடைசிப் பருவத்தை நேரில் காணவில்லை.

== உரிம மறுப்பு ==

ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி தேசியக் கூட்டிணைவில் ஆடும் ஒவ்வொரு கழகமும் ஆண்டுதோறும் உரிமம் பெறவேண்டும். இளைஞர் அணிகள், களமும் பயிற்சி வசதிகளும், தகுதிச் சான்று பெற்ற பயிற்றுநர்களும் நிர்வாகிகளும், சட்ட ஆவணங்கள், நிதிநிலை என ஐந்து வகைகளில் இதற்கான நிபந்தனைகள் உள்ளன. நிறைவு செய்யாத கழகம் காரணம் காட்டி விலக்குக் கோரலாம். ஐ-லீக் கழகங்கள் பல இவ்விலக்கின் மூலமே தொடர்ந்து ஆடிவந்தன. 2021-22 பருவத்திற்குச் சென்னை சிட்டியால் உரிமம் பெற இயலவில்லை. விலக்கும் வழங்கப்படவில்லை. அதனால் கூட்டிணைவிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பின் கழகம் எந்தத் தேசியப் போட்டியிலும் பங்கேற்கவில்லை.

இதனைப் பிரேசிலின் சாவோ கயெத்தானோ கழகத்துடன் ஒப்பிடலாம். 1989 இல் சாவோ பாவுலோவின் புறநகர் ஒன்றில் தொடங்கப்பட்ட அக்கழகம் 2000, 2001 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரேசில் தேசியப் போட்டியில் இரண்டாம் இடத்தையும், 2002 இல் தென்னமெரிக்கக் கழகக் கோப்பையின் இறுதிப் போட்டியையும் எட்டியது. பின்னர் ஒவ்வொரு படியாக இறங்கியது. அங்கு மாநில வாகையர் போட்டிகளும் பல அடுக்குத் தேசியப் பிரிவுகளும் இருப்பதால் வீழும் கழகம் நிற்பதற்கு ஏதேனும் ஒரு படி எஞ்சுகிறது. ஐ-லீக்கிலிருந்து வெளியேறிய சென்னை சிட்டி திரும்பக்கூடிய ஒரு படி நகரக் கூட்டிணைவு. மாதச் சம்பளம் பெறும் அணியொன்றை அங்கு வைத்து நடத்த இயலாது.

ஐ-லீக்கிலிருந்து மேல்நிலைக்கு உயர்ந்த முதல் கழகம் 2022-23 வாகையரான ரவுண்ட்கிளாசு பஞ்சாப் ஆகும். சென்னை சிட்டியுடன் 2016 இல் ஒரே நாளில் நுழைந்த மினர்வா பஞ்சாபின் பெயர் மாற்றப்பட்ட வடிவமே அது.

== ஆட்டக்காரர்களின் பிற்காலம் ==

2018-19 அணியில் ஆடிய உள்நாட்டு வீரர்களிற் பலர் இந்தியன் சூப்பர் லீக் கழகங்களில் இடம்பெற்றனர். ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவிற்கும், அஜித் குமார் பெங்களூருவிற்கும், பிரவித்தோ இராஜு மும்பை சிட்டிக்கும், மஷூர் ஷெரீப் நார்த்ஈஸ்ட் யுனைட்டெடிற்கும் 2020 இல் சென்றனர். மஷூர் ஷெரீப் 2021 மார்ச்சில் துபாயில் ஓமானுக்கு எதிராக இந்திய அணியில் அறிமுகமானார். முன்னாள் தலைவர் மைக்கேல் சூசைராஜ் 2019 இல் தாய்லாந்தில் நடந்த மன்னர் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். முதற்பருவ அணியில் ஆடிய நந்தகுமார் சேகர் பின்னர் ஒடிசா, ஈஸ்ட் பெங்கால் கழகங்களுக்குச் சென்று 2023 இல் இந்திய அணியில் இடம்பெற்றார்.